தரையே தீர்மானிக்கும்: மின்சார ஏர் டாக்சிகள் வணிகச் சேவைக்கு வருவது பற்றிய ஓர் ஆய்வு

1. கேள்வி

நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்பி, இறக்கையின் துணையோடு பறந்து, மீண்டும் செங்குத்தாக இறங்கும் மின்சார வானூர்திகளைப் பற்றிய பேச்சு, 2016 அக்டோபரில் ஊபர் நிறுவனம் ‘எலிவேட்’ திட்டத்துக்கான வெள்ளை அறிக்கையை வெளியிட்டபோது பரவலாகத் தொடங்கியது. கைப்பேசியில் பதிவு செய்து, அருகிலுள்ள கட்டடத்தின் மாடியிலிருந்து கிளம்பி, சாலையில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் தொலைவைச் சில நிமிடங்களில் கடப்பது என்பதே அது முன்வைத்த காட்சி. அமெரிக்காவின் ஜோபி 2009-இலும், ஜெர்மனியின் வோலோகாப்டர் 2011-இலும், அதே நாட்டின் லிலியம் 2015-இலும், அமெரிக்காவின் ஆர்ச்சர் 2018-இலும் தோன்றின. கோடிக்கணக்கான டாலர் முதலீடு இவற்றுக்குள் பாய்ந்தது. ஊர்திகள் பறந்தும் காட்டின. 2021 ஜூலையில் ஜோபியின் ஊர்தி ஒரே மின்னேற்றத்தில் 154 மைல், அதாவது ஏறத்தாழ 250 கிலோமீட்டர், பறந்தது. ஆனாலும் கட்டணம் கொடுத்து ஏறும் பயணியை நகரத்தின் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நாள்தோறும் கொண்டுசெல்லும் சேவை மேற்கு நாடுகளில் சொன்ன காலத்துக்குள் வரவில்லை. ஊபர் தன் எலிவேட் பிரிவை 2020 டிசம்பரில் ஜோபிக்குக் கைமாற்றிவிட்டது.

பறக்கும் ஊர்தி கையில் இருக்கும்போது சேவை ஏன் இத்தனை தாமதமாகிறது? வந்த பிறகு அது எத்தகைய சேவையாக நிலைக்கும்? இந்த இரண்டையும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாகவே இக்கட்டுரை அணுகுகிறது. பேட்டரியும் சான்றிதழும் தாண்டியே ஆகவேண்டிய தடைகள். அவற்றைத் தாண்டிய பிறகும் ஏர் டாக்சியின் அளவையும் கட்டணத்தையும் அது யாருக்குப் பயன்படும் என்பதையும் தீர்மானிக்கப்போவது தரை என்பது என் வாதம். தரை என்று இங்கே நான் குறிப்பிடுவது இறங்குதளம், அங்கே ஒவ்வோர் ஊர்தியும் எடுத்துக்கொள்ளும் நேரம், சுற்றியிருப்போரின் காதில் விழும் ஒலி, அந்த இடத்தை அனுமதிக்கும் நகராட்சி ஆகிய அனைத்தையும்.

2. இதுவரையிலான புரிதல்

தாமதத்துக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. முதலாவது பொறியியல் விளக்கம். விமான எரிபொருளில் கிலோவுக்கு ஏறத்தாழ 12 கிலோவாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. இன்றைய லித்தியம்-அயனி பேட்டரித் தொகுப்பில் அது ஏறத்தாழ 0.2 கிலோவாட்-மணிதான். மின் மோட்டாரின் திறன் அதிகம் என்பதால் இடைவெளி ஓரளவு குறைந்தாலும் மறைந்துவிடுவதில்லை. எரிபொருள் எரிய எரிய விமானத்தின் எடை குறையும். பேட்டரி காலியானாலும் அதன் எடை குறையாது. இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. இறக்கை தாங்காத நிலையில், காற்றைக் கீழே தள்ளும் விசையால் மட்டுமே ஊர்தி நிற்கும்போதுதான் மிக அதிகமான மின்திறன் தேவைப்படுகிறது. அந்த நிலை பயணத்தின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் வருகிறது. முடிவில் வரும்போது பேட்டரியின் மின்னேற்றம் குறைந்திருக்கும், அதன் மின்னழுத்தமும் தாழ்ந்திருக்கும். ஆக, பேட்டரி தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் அதனிடம் உச்சபட்ச உழைப்பு கேட்கப்படுகிறது. தரையிறங்கும் நேரத்தில் வேண்டிய இந்த இருப்பை ஒதுக்கி வைத்த பிறகு மிஞ்சுவதே பறப்புக்கான ஆற்றல்.

இரண்டாவது ஒழுங்குமுறை விளக்கம். ஓர் ஊர்தி பயணிகளை ஏற்றுவதற்கு முன் அதன் வடிவமைப்புக்கு வகைச் சான்றிதழும், அதே தரத்தில் தயாரிப்பதற்கு உற்பத்திச் சான்றிதழும், ஒவ்வோர் ஊர்திக்கும் பறத்தகுதிச் சான்றிதழும், சேவையை நடத்துபவருக்கு இயக்கச் சான்றிதழும் வேண்டும். இந்தப் புதிய ஊர்தி முழு விமானமும் இல்லை, முழு ஹெலிகாப்டரும் இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் முதலில் இவற்றைச் சிறு விமானங்களுக்கான விதிகளின்கீழ் மதிப்பிட்டுவந்தது. 2022 மே மாதத்தில் அந்நிலைப்பாட்டை மாற்றி, தனி வகையாகக் கருதும் வழிக்கு வந்தது. விமானிகளுக்கான பயிற்சியையும் இயக்க விதிகளையும் வரையறுக்கும் இறுதி விதி 2024 அக்டோபரில்தான் வெளியானது. 1940-களில் ஹெலிகாப்டர்கள் வந்ததற்குப் பிறகு குடிசார் வான்போக்குவரத்தில் சேரும் முதல் புதிய வகை இது என்று அந்நிர்வாகமே குறிப்பிட்டது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2019 ஜூலையிலேயே தனி நிபந்தனைகளை வெளியிட்டிருந்தது. நகரங்களுக்கு மேலே பயணிகளுடன் பறக்கும் ஊர்தியில் பேரழிவுக்கு இட்டுச்செல்லும் பழுது நூறு கோடிப் பறப்பு மணி நேரத்துக்கு ஒன்றுக்கு மேல் நேரக்கூடாது என்பது அதன் அளவுகோல். பெரிய பயணிகள் விமானத்துக்கும் இதே அளவுகோல்தான்.

இவ்விரு விளக்கங்களும் உண்மையே. ஆனால் பேட்டரி மேம்பட்டு, சான்றிதழும் கைக்கு வந்துவிட்டால் சேவை தானாகப் பெருகிவிடும் என்ற முன்முடிவு இரண்டுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. அதைச் சோதிக்க நமக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சான்றிதழ் பெற்ற ஊர்தி, எரிபொருள், பயிற்சி பெற்ற விமானிகள் எல்லாம் இருந்தும் நகர வான்சேவை அழிந்துபோன வரலாறு அது.

3. ஹெலிகாப்டர் நிறுவனங்கள் விட்டுச்சென்ற சான்று

லாஸ் ஏஞ்சலஸ் ஏர்வேஸ் 1947-இல் ஹெலிகாப்டரில் தபால் கொண்டுசெல்லத் தொடங்கியது. பின்னர் பயணிகளையும் ஏற்றியது. நியூயார்க் ஏர்வேஸ் 1953-இல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. சிகாகோவிலும் இத்தகைய நிறுவனம் இருந்தது. 1965 டிசம்பரில் மன்ஹாட்டனின் நடுவே, பான் ஆம் கட்டடத்தின் உச்சியிலிருந்து கென்னடி விமான நிலையத்துக்கு ஹெலிகாப்டர் பறந்தது. மாடியில் ஏறிச் சில நிமிடங்களில் விமான நிலையம் சேர்வது, நேர அட்டவணை, நகர மையத்தில் இறங்குதளம் என இன்றைய ஏர் டாக்சி விளம்பரங்கள் வரைந்துகாட்டும் காட்சி அனைத்தும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் இருந்தது.

அந்தச் சேவையைத் தாங்கியது பயணிகளின் கட்டணம் மட்டுமல்ல, அமெரிக்க மத்திய அரசின் மானியமும்தான். 1965-இல் அந்த மானியம் நின்றதும் நிறுவனங்கள் தள்ளாடின. பான் ஆம் மாடிச் சேவை 1968-இல் நின்றது. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஏர்வேஸின் இரண்டு ஹெலிகாப்டர்கள் மே மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் விழுந்து, இரு விபத்துகளிலுமாக 44 பேர் இறந்தார்கள். அந்நிறுவனம் 1971-இல் மூடப்பட்டது. பான் ஆம் மாடியில் 1977 தொடக்கத்தில் சேவை மீண்டும் தொடங்கி, மே 16-ஆம் தேதியோடு முடிந்தது. அன்று மாடியில் நின்றிருந்த சிகோர்ஸ்கி எஸ்-61 ஹெலிகாப்டரின் சக்கரத் தாங்கி, உலோகச் சோர்வால் முறிந்தது. ஊர்தி சாய, சுழன்றுகொண்டிருந்த தகடுகள் ஏறக் காத்திருந்தவர்கள்மேல் பாய்ந்தன. மாடியில் நால்வர் இறந்தார்கள். உடைந்த தகட்டின் ஒரு துண்டு தெருவில் விழுந்து, நடந்துபோய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் உயிரைப் பறித்தது. நியூயார்க் ஏர்வேஸ் 1979-இல் நுவார்க்கில் நேர்ந்த இன்னொரு விபத்துக்குப் பின் சேவையை நிறுத்தியது.

1977 விபத்தில் உற்று நோக்கவேண்டியது, அது பறக்கும்போது நடக்கவில்லை என்பதே. ஊர்தி தரையைத் தொட்டு நின்றிருந்தது. உயிரிழந்த ஐவரில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் வானத்தோடு தொடர்பில்லை. ஒருவர் பயணச்சீட்டே வாங்காதவர். நகர நடுவில் வான்சேவை நடத்தும்போது ஆபத்து பயணியோடு நின்றுவிடுவதில்லை, பயணம் செய்யாத குடிமக்களுக்கும் அது பங்கிடப்படுகிறது. எனவே அவர்களின் ஒப்புதலும் சேவைக்கான மூலதனங்களில் ஒன்று. ஒரு விபத்தில் அந்த மூலதனம் முழுவதும் கரைந்துவிடும் என்பதே பான் ஆம் மாடியின் பாடம். எஸ்-61 முறையாகச் சான்றளிக்கப்பட்ட ஊர்தி என்பதையும் மறந்துவிடக்கூடாது. சான்றிதழ் சேவையைத் தொடங்கிவைக்கும், காப்பாற்றித் தராது.

4. பாரிஸ்: அனுமதிக்கப்பட்ட சேவையின் அளவு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐரோப்பாவின் முதல் ஏர் டாக்சி சேவையைக் காட்டுவதாக வோலோகாப்டர் திட்டமிட்டிருந்தது. அதன் வோலோசிட்டி ஊர்தியில் 18 சுழலிகள், இருக்கைகள் இரண்டு. ஒன்றில் விமானி அமர்ந்தால் பயணிக்கு மிஞ்சுவது ஒன்றே. நகருக்குள் இறங்குதளமாக, ஆஸ்டர்லிட்ஸ் அருகே செய்ன் ஆற்றில் ஒரு மிதவை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஊர்தியின் சான்றிதழ் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனை வளாகத்தில் பயணியின்றி ஒரு காட்சிப் பறப்போடு திட்டம் சுருங்கியது. 2024 டிசம்பர் இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. அடுத்த ஆண்டு அதன் சொத்துகளை டயமண்ட் ஏர்கிராஃப்ட் வாங்கியது. லிலியமும் 2024 அக்டோபரில், அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்காத நிலையில், திவாலை நோக்கிச் சென்றது. மீட்புக்கான ஒப்பந்தம் ஒன்று வந்தும் 2025 பிப்ரவரியில் இரண்டாம் முறையும் விழுந்தது.

பாரிஸ் திட்டம் சுருங்கியதை ‘சான்றிதழ் தாமதத்தால் வந்த தோல்வி’ என்றே பலரும் எழுதினார்கள். ஆனால் சான்றிதழ் கிடைத்திருந்தால் நடந்திருக்கக்கூடியது என்ன? ஆஸ்டர்லிட்ஸ் மிதவைக்கு பிரெஞ்சு அரசு தந்த அனுமதி 2024 இறுதிவரை மட்டுமே செல்லும். மணிக்கு அதிகபட்சம் இரண்டு பறப்புகள், மொத்தம் 900 பறப்புகள் என்ற வரம்பும் அதில் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பயணி. அதாவது எல்லாம் திட்டப்படி நடந்திருந்தாலும் அந்த இறங்குதளம் மொத்தத்தில் 900 பயணிகளைக் கடந்திருக்க முடியாது. இதற்கும்கூடப் பாரிஸ் மாநகராட்சியின் பிரதிநிதிகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்து, நீதிமன்றத்தை நாடினார்கள். பிரான்சின் சுற்றுச்சூழல் ஆணையம் தாக்க ஆய்வு முழுமையாக இல்லை என்று 2023-இலேயே குறை சொல்லியிருந்தது. அடர்ந்த, நல்ல மெட்ரோ வசதி உள்ள ஒரு நகரம், தன் மையத்தில் இத்தகைய சேவைக்கு எவ்வளவு இடம் தரத் தயாராக இருக்கும் என்பதற்கு அந்த அனுமதி ஆணையே மிகத் தெளிவான சான்று.

5. துபாய்: இறங்குதளத்தின் கணக்கு

எதிர்ப்பு குறைவாகவும் அரசின் ஆதரவு முழுமையாகவும் உள்ள இடத்தில் நிலைமை எப்படியிருக்கும்? அதற்கு துபாய் ஏற்ற எடுத்துக்காட்டு. துபாயின் சாலை, போக்குவரத்து ஆணையம் 2024 பிப்ரவரியில் ஜோபிக்கு ஆறு ஆண்டுகளுக்குத் தனியுரிமை தந்தது. சர்வதேச விமான நிலையம், பாம் ஜுமெய்ரா, டவுன்டவுன், மெரினா ஆகிய நான்கு இடங்களில் இறங்குதளங்கள் திட்டமிடப்பட்டன. விமான நிலையத்திலிருந்து பாம் ஜுமெய்ராவுக்குக் காரில் 45 நிமிடம் ஆகும் பயணம் ஏறத்தாழ 10 நிமிடமாகும் என்று அறிவிக்கப்பட்டது. ஜோபியின் ஊர்தியில் விமானியைத் தவிர நால்வர் அமரலாம், ஆறு புரொப்பெல்லர்கள், உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 320 கிலோமீட்டர். 2025 ஜூனில் அங்கே விமானியுடன் சோதனைப் பறப்புகளும் நடந்தன. 2026-இல் பயணிகள் சேவை என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு.

விமான நிலையத்து இறங்குதளத்துக்கு அதிகாரிகள் அறிவித்த கொள்ளளவு ஆண்டுக்கு 42,000 இறக்கங்கள், ஏறத்தாழ 1,70,000 பயணிகள். கேட்பதற்கு இது பெரிய எண். நாள் கணக்கில் பிரித்தால் 466 பேர். துபாய் சர்வதேச விமான நிலையத்தை 2024-இல் பயன்படுத்தியவர்கள் 9 கோடியே 23 லட்சம் பேர். முழுக் கொள்ளளவில் இயங்கினாலும் அந்த இறங்குதளம் தொடும் பங்கு நூற்றுக்கு 0.2-ஐ எட்டாது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 42,000 இறக்கங்களில் வந்து சேர்பவர்கள் மட்டுமே 1,70,000 பேர் என்றால் ஒவ்வோர் இறக்கத்துக்கும் நான்கு பேர்; எல்லா இருக்கையும் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். புறப்படுபவர்களையும் சேர்த்த எண் அது என்றால் சராசரியாகப் பாதி இருக்கைகள் காலியாகவே பறக்கும். முதலாவது, எந்தப் போக்குவரத்துக்கும் எளிதில் கைகூடாத நிரம்பல். இரண்டாவது, ஒவ்வொரு பயணிக்கும் ஆகும் செலவை இரட்டிப்பாக்குவது.

கொள்ளளவு இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் நிர்வாகக் குறைபாடு இல்லை, இறங்குதளத்தின் இயல்பே அதுதான். ஒரு தளத்தில் நான்கு ஊர்திகள் நிற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் இறங்கி, பயணிகளை இறக்கி, மின்னேற்றி, அடுத்தவர்களை ஏற்றிக் கிளம்ப 15 நிமிடம் என்று தாராளமாகவே கணக்கிடுவோம். மணிக்கு 16 புறப்பாடுகள், 64 இருக்கைகள். இது ஒரு நகரப் பேருந்து ஒரே நடையில் ஏற்றிச்செல்லும் கூட்டம். பேட்டரியின் அடர்த்தி இரட்டிப்பானாலும் இந்த எண் பெரிதாக மாறாது. பயணிகள் இறங்குவதும் பெட்டிகளை எடுப்பதும் பாதுகாப்புப் பட்டை கட்டுவதும், முந்தைய ஊர்தி எழும்பிக் காற்றுக்கொந்தளிப்பு அடங்கக் காத்திருப்பதும் பேட்டரியோடு தொடர்பில்லாதவை. கொள்ளளவைப் பெருக்கவேண்டுமானால் நிற்குமிடங்களைப் பெருக்கவேண்டும். நகர மையத்தில் அதற்கான நிலம்தான் எல்லாவற்றையும்விட விலை உயர்ந்த பொருள்.

தொழிலில் இருப்பவர்கள் இதை உணர்ந்திருப்பதற்கும் சான்று உண்டு. 2025 ஆகஸ்டில் ஜோபி, நியூயார்க்கில் ஹெலிகாப்டர் பயணங்களை விற்றுவந்த பிளேடு நிறுவனத்தின் பயணிகள் பிரிவை 12.5 கோடி டாலர் வரையிலான விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. பிளேடிடம் சொந்தமாக ஊர்தித் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. இருந்தவை மன்ஹாட்டனிலும் விமான நிலையங்களிலும் உள்ள புறப்பாட்டு அறைகளும் 2024-இல் பயணித்த 50,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களும்தான். வானூர்தி செய்யும் நிறுவனம் தரையில் இடத்தை விலைகொடுத்து வாங்கியது என்பதே இதன் பொருள்.

6. ஆற்றல், சூழல், ஒலி

ஏர் டாக்சி சூழலுக்கு நல்லது என்ற கூற்றையும் இதே கோணத்தில் எடைபோடவேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தையும் ஃபோர்டு நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. 100 கிலோமீட்டர் பயணத்தில், விமானியோடு மூன்று பயணிகள் இருந்தால், சராசரி ஆள்கணக்கில் ஓடும் பெட்ரோல் காரைவிட ஆளுக்கான உமிழ்வு 52 சதவீதம் குறைவு. மின்சாரக் காரைவிட 6 சதவீதம் குறைவு. ஆள் ஒருவர் மட்டும் இருந்தால் அதே ஊர்தியின் உமிழ்வு மின்சாரக் காரைவிட 28 சதவீதம் அதிகம். ஏறத்தாழ 35 கிலோமீட்டருக்குக் குறைந்த தொலைவில், ஒருவர் மட்டும் பறந்தால், பெட்ரோல் காரிடமே அது தோற்றுப்போகிறது. எழும்புவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் பெருஞ்செலவை நீண்ட தொலைவில்தான் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்பதே காரணம். ஆனால் நகரத்துக்குள் விற்கப்படும் பயணங்கள் பெரும்பாலும் 35 கிலோமீட்டருக்கு உட்பட்டவை. சூழல் நன்மை என்பது ஊர்தியோடு பிறந்த குணம் இல்லை. எத்தனை பேர் ஏறுகிறார்கள், எவ்வளவு தொலைவு போகிறார்கள் என்பதைப் பொறுத்து வருவதும் போவதும் அது.

ஒலி விஷயத்தில் உண்மையான முன்னேற்றம் நிகழ்ந்திருக்கிறது. அதை மறுப்பது நேர்மையாகாது. நாசாவோடு சேர்ந்து ஜோபி நடத்திய அளவீட்டில், 500 மீட்டர் உயரத்தில் கடக்கும் ஊர்தியின் ஒலி ஏறத்தாழ 45 டெசிபெல் என்று பதிவானது. 100 மீட்டர் தொலைவில் எழும்பும்போதும் இறங்கும்போதும் 65 டெசிபெல்லுக்குக் கீழே இருந்தது. ஹெலிகாப்டரோடு ஒப்பிட்டால் இது பெரும் மாற்றம். ஆனால் இறங்குதளத்துக்கு அருகில் குடியிருப்பவருக்கு முக்கியமானது ஒருமுறை கேட்கும் ஒலியின் உச்சம் மட்டுமில்லை, ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறது என்பதும்தான். வணிகம் வெற்றிபெற மணிக்கு 16 முறை எழும்பவும் 16 முறை இறங்கவும் வேண்டும். அண்டை வீட்டாரின் நிம்மதிக்கு அந்த எண் குறையவேண்டும். சேவையின் வெற்றியும் அதன் ஏற்பும் இங்கே எதிரெதிராக இழுக்கின்றன.

7. மறுப்புகள்

ஹெலிகாப்டர் நிறுவனங்களின் கதை மின்சார ஊர்திக்குப் பொருந்தாது என்பது முதல் மறுப்பு. ஹெலிகாப்டர் சிக்கலான இயந்திரம். ஒரே பெருஞ்சுழலியின் தண்டிலோ தகட்டிலோ நேரும் ஒரு முறிவு பேரழிவாகலாம். பராமரிப்புச் செலவும் மிக அதிகம். பல மோட்டார்கள் சுமையைப் பங்கிடும் ஊர்தியில் ஒன்று நின்றாலும் மற்றவை தாங்கும். இந்த மறுப்பின் பொறியியல் பகுதியை நான் ஏற்கிறேன். இயக்கச் செலவு குறையும், ஒற்றைப் பழுதின் ஆபத்தும் குறையும். ஆனால் புதிய செலவு ஒன்று அதே இடத்தில் வந்து அமர்கிறது. நாளொன்றுக்குப் பலமுறை விரைவாக மின்னேற்றப்படும் பேட்டரி தேய்ந்து, மாற்றப்பட வேண்டியதாகிறது. அமெரிக்காவின் 2024 விதிகளின்படி, வழியெங்கும் செங்குத்தாக இறங்க வல்ல ஊர்தி, ஹெலிகாப்டர்களைப் போல 20 நிமிடப் பறப்புக்கான ஆற்றலைச் சேமிப்பாக வைத்திருந்தால் போதும். இது விமானங்களுக்கான வரம்பைவிடத் தளர்வானது. அப்படியிருந்தும் 10 நிமிடப் பயணத்துக்கு 20 நிமிடச் சேமிப்பைச் சுமந்தே பறக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்குதளத்தின் கணக்கில் மோட்டாரின் எண்ணிக்கை எதையும் மாற்றுவதில்லை.

விமானி இல்லாமலேயே இயங்கும்போது கட்டணம் வீழும் என்பது இரண்டாவது மறுப்பு. சீனாவின் ஈஹாங் இதற்கு வலுவான சான்றாகக் காட்டப்படுகிறது. விமானி இல்லாத, இரு இருக்கைகள் கொண்ட அதன் இஎச்216-எஸ் ஊர்திக்கு 2023 அக்டோபரில் வகைச் சான்றிதழும், 2024 ஏப்ரலில் உற்பத்திச் சான்றிதழும் கிடைத்தன. 2025 மார்ச்சில் குவாங்சூவிலும் ஹஃபேயிலும் உள்ள இரு நிறுவனங்கள் இயக்கச் சான்றிதழ் பெற்றன. சான்றிதழ் வரிசையில் உலகில் முன்னால் நிற்பது இந்த ஊர்திதான். ஆனால் அதன் பறப்புத் தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இயக்க அனுமதியின் தொடக்கமும் சுற்றிப்பார்க்கும் பறப்புகளை மையமாகக் கொண்டது. ஓரிடத்தில் எழும்பி, சுற்றிக்காட்டி, அங்கேயே இறங்குவது போக்குவரத்தாகாது. எல்லாச் சான்றிதழும் கிடைத்த ஊர்தி முதலில் சுற்றுலாவுக்குச் செல்கிறது என்ற உண்மை, என் வாதத்துக்கு எதிராக அன்றி, துணையாகவே நிற்கிறது. விமானியின் இருக்கை பயணிக்குக் கிடைத்தால் 64 இருக்கைகள் 80 ஆகும், மெட்ரோ ஆகாது.

மூன்றாவது மறுப்பே ஆழமானது. எந்தப் புதுமையும் முதலில் வசதியானவர்களுக்கு வந்து, பின்னர் எல்லோருக்கும் மலிவாகிறது. கைப்பேசியும் விமானப் பயணமும் அப்படித்தான் வந்தன. தொடக்கத்தில் சிலருக்கே என்பதால் தடுப்பது தவறு என்கிறது அது. பெருமளவு உற்பத்தியில் மலிவாகும் பொருளுக்கு இந்த வாதம் பொருந்தும். ஒருவரிடம் கைப்பேசி இருப்பது இன்னொருவரின் இடத்தைக் குறைப்பதில்லை. ஏர் டாக்சியோ நகர மையத்து நிலம், தாழ்வான வான்வெளி, குடியிருப்பின் அமைதி என்ற மூன்று பொதுச் சொத்துகளை எடுத்துக்கொண்டே பறக்கிறது. ஊர்தியின் விலை குறையலாம். இவை மூன்றும் பெருகமாட்டா. மிகக் குறைந்த இருக்கைகளுக்கு அதிகமானோர் போட்டியிடும்போது, இயக்கச் செலவு குறைந்தாலும் கட்டணம் அதே அளவில் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. பரவலாவதற்கு முன் நிற்கும் தடை தொழில்நுட்பத்தில் இல்லாதபோது, தொழில்நுட்பத்தின் முதிர்ச்சி அதை நீக்கித் தராது.

8. இந்தியாவுக்கு இதிலிருந்து எழும் கேள்வி

2023 நவம்பரில் ஆர்ச்சர் நிறுவனமும் இண்டிகோவின் தாய் நிறுவனமான இன்டர்குளோபும் ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தன. தில்லி கனாட் பிளேஸிலிருந்து குருகிராமுக்குக் காரில் 60 முதல் 90 நிமிடம் பிடிக்கும் 27 கிலோமீட்டரை 7 நிமிடத்தில் கடப்பது அதன் முதன்மை எடுத்துக்காட்டு, இலக்கு 2026. இந்த வழித்தடத்தைத் தேர்ந்தெடுத்ததே நம்மைச் சிந்திக்க வைக்கவேண்டும். கனாட் பிளேஸுக்கு அடியிலுள்ள ராஜீவ் சௌக்கிலிருந்து குருகிராமுக்கு 2010 முதல் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஓடுகிறது. சாலை நெரிசலுக்குத் தீர்வு ஏற்கனவே நிலத்தடியில் இருக்கும் ஒரு தடத்தில், சில நூறு பேரின் நேரத்தை மிச்சப்படுத்துவதற்கு வான்வெளியை ஒதுக்குவது பொதுக் கொள்கையின் முன்னுரிமையாக இருக்க முடியாது. 27 கிலோமீட்டர் என்பது மிச்சிகன் ஆய்வு எச்சரிக்கும் குறுந்தொலைவுக்குள் வருவதும் கவனிக்கத்தக்கது.

இதற்கு எதிர்த்திசையில் செல்லும் எடுத்துக்காட்டு சென்னையில் இருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தியின் முன்முயற்சியில் வளர்ந்த இபிளேன் நிறுவனம், 2025 பிப்ரவரியில், 788 வான் ஆம்புலன்ஸ்களை வழங்க ஐகேட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தது. மாவட்டத்துக்கு ஒன்று என்பது அதன் எண்ணம். அறிவிப்பிலிருந்து சேவைவரை உள்ள தொலைவை வோலோகாப்டரும் லிலியமும் காட்டியிருப்பதால், இதையும் நிறைவேறிய செயலாக எண்ணிவிடக்கூடாது. ஆனால் பயன்பாட்டின் தேர்வு சரியானது. ஆம்புலன்ஸுக்கு இறங்குதளத்தின் மணிநேரக் கொள்ளளவு தடையில்லை. நாளுக்கு இரண்டு மூன்று பறப்புகளே அதன் பணி. அந்த ஒலியை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள். அதன் மதிப்பை இருக்கைக் கட்டணத்தால் அளக்கவும் யாரும் நினைக்கமாட்டார்கள். தரை விதிக்கும் வரம்புகள் அனைத்தும் இங்கே தளர்கின்றன. தீவுகளையும் மலையூர்களையும் இணைப்பதற்கும் உறுப்பு மாற்று சிகிச்சைக்கான விரைவுப் பயணங்களுக்கும் இதே தர்க்கம் பொருந்தும்.

9. முடிவு

மின்சார ஏர் டாக்சி வணிகச் சேவைக்கு வரும். சில நகரங்களில், சில வழித்தடங்களில் அது நடந்தே தீரும் என்றே சான்றுகள் சொல்கின்றன. ஆனால் அது பெருநகர நெரிசலுக்குத் தீர்வாக வராது. விமான நிலையத்தையும் சில செல்வந்தப் பகுதிகளையும் இணைக்கும் சிறிய, விலை உயர்ந்த சேவையாகவே வரும். பேட்டரியின் முன்னேற்றம் அதன் தொலைவைக் கூட்டும், சான்றிதழ் அதன் நம்பகத்தைக் கூட்டும். அதன் அளவைத் தீர்மானிப்பது இறங்குதளமும் அதைச் சுற்றி வாழ்பவர்களுமே.

இதை ஏற்றால் பொது அமைப்புகள் செய்யவேண்டியவை தெளிவாகின்றன. பாதுகாப்பு அளவுகோலைத் தொழிலின் அவசரத்துக்காகத் தளர்த்தக்கூடாது; ஒரு விபத்து முழுத் துறையையும் பல்லாண்டுகள் பின்னுக்குத் தள்ளும் என்பதால் இதில் தொழிலின் நலனும் மக்களின் நலனும் ஒன்றே. பொது நிலத்தில் இறங்குதளம் கேட்கும் நிறுவனம், மணிக்கு எத்தனை பேரை ஏற்றும், எத்தனை முறை எழும்பும், கட்டணம் என்ன என்பதை அனுமதிக்கு முன்பே வெளியிடவேண்டும். அண்டையில் வாழ்பவர்களின் கருத்தைக் கேட்பது சட்டபூர்வமான படியாக வேண்டும். உயிர்காக்கும் பயன்பாடுகளுக்கு முன்னுரிமையும், தேவையானால் மானியமும் தரலாம். மெட்ரோவும் பேருந்தும் செய்யக்கூடிய வேலைக்குப் பொதுப் பணம் வானத்தில் செலவாகக்கூடாது. ஒரு நகரம் தன் தாழ்வான வானத்தை ஒருமுறை ஒப்படைத்துவிட்டால் திரும்பப் பெறுவது கடினம். ஆகவே இந்தக் கேள்விகளை முதல் ஊர்தி இறங்குவதற்கு முன்பே கேட்டு, பதிலை உரிம நிபந்தனைகளில் எழுதிவைக்கவேண்டும்.